கம்ப்யூட்டருக்குப் பாடம் எடுத்த டீச்சர்

இன்றைக்கு ஒரு கேள்வியோடு ஆரம்பிக்கிறேன். கம்ப்யூட்டருக்கு இங்கிலீஷ் தெரியுமா?

"ஓ, தெரியுமே!" என்று கையைத் தூக்கியவர்கள் இறக்கிவிடலாம். தெரியாது. தமிழும் தெரியாது. அதற்குள்ளே மின்சாரம் ஓர் இடத்தில் இருக்கும், இன்னோர் இடத்தில் இருக்காது. இருந்தால் 1, இல்லாவிட்டால் 0. இந்த இரண்டை வைத்துக்கொண்டுதான் அது கணக்குப் போடுகிறது, பாட்டுப் பாடுகிறது, உங்களோடு செஸ் ஆடி ஜெயிக்கவும் செய்கிறது.

"அப்படியானால் ஸ்கூல் லேபில் நான் 'பிரிண்ட்' என்று டைப் செய்தால் அதற்கு எப்படிப் புரிகிறது?" என்று கேட்கிறீர்களா? சபாஷ்! இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன்.

நீங்கள் எழுதுவதை வாங்கி, கம்ப்யூட்டருக்குப் புரிகிற மாதிரி மாற்றிக் கொடுக்க நடுவில் இன்னொரு புரோகிராம் உட்கார்ந்திருக்கிறது. இந்த வகைப் புரோகிராம்களில் ஒன்றுதான் கம்பைலர். கம்ப்யூட்டர்கள் அறை அறையாக இடத்தை அடைத்துக்கொண்டிருந்த காலத்தில், "இப்படி ஒன்று முடியும்" என்று சொல்லி, எழுதி, ஓட்டியும் காட்டியவர் ஒரு கணக்கு டீச்சர். பெயர் கிரேஸ் ஹாப்பர். அமெரிக்காக்காரர். கடற்படை அதிகாரியும்கூட!

கிரேஸ் பிறந்தது 1906 டிசம்பர் 9-ஆம் தேதி, நியூயார்க் நகரத்தில். ஏழு வயதில் அவருக்கு ஒரு சந்தேகம் வந்தது. அலாரம் கடிகாரம் எப்படிச் சரியான நேரத்தில் மணி அடிக்கிறது? ஒன்றை எடுத்துக் கழற்றினார். உள்ளே இருந்த சக்கரமும் ஸ்பிரிங்கும் சிதறிவிட்டன. திரும்ப மாட்டத் தெரியவில்லை. சரி, இன்னொன்றைத் திறந்து பார்த்தால் தெரிந்துவிடும் என்று அதையும் கழற்றினார். இப்படியே வீட்டில் இருந்த ஏழு கடிகாரங்களும் ஆகிவிட்டன!

அம்மா வந்து பார்த்தார். என்ன செய்திருப்பார் என்று நினைக்கிறீர்கள்? "இனிமேல் உனக்கு ஒரே ஒரு கடிகாரம்தான். அதை எத்தனை தடவை வேண்டுமானாலும் கழற்றிக்கொள்" என்று அனுமதி கொடுத்துவிட்டார். நல்ல அம்மா, இல்லையா? (இதை உங்கள் அம்மாவிடம் காட்டுவதற்கு முன்னால் கொஞ்சம் யோசித்துக்கொள்ளுங்கள். நான் பொறுப்பில்லை.)

பதினாறு வயதில் வாஸர் என்ற பெண்கள் கல்லூரிக்கு விண்ணப்பித்தார். இடம் கிடைக்கவில்லை. லத்தீன் பாடத்தில் மார்க் போதவில்லை! இன்னொரு வருஷம் படித்து, மறுபடி எழுதி, உள்ளே போனார். 1928-ல் கணக்கிலும் இயற்பியலிலும் பட்டம். பிறகு யேல் பல்கலைக்கழகம். 1934-ல் கணிதத்தில் டாக்டர் பட்டம். அந்த நாளில் கணக்கில் டாக்டர் பட்டம் வாங்கிய பெண்கள் குறைவு.

படித்த வாஸர் கல்லூரியிலேயே கணக்கு டீச்சராகவும் ஆனார். அவருடைய வகுப்பில் ஒரு விசேஷம் உண்டு. கணக்குப் போட்டால் மட்டும் போதாது. போட்ட கணக்கை வாக்கியமாக விளக்கிக் கட்டுரையும் எழுத வேண்டும். "இது கணக்கு வகுப்பு, இங்கிலீஷ் வகுப்பு இல்லையே!" என்று மாணவிகள் முணுமுணுத்தார்கள். டீச்சர் விடவில்லை. தெரிந்ததை அடுத்தவருக்குப் புரிகிற மாதிரி சொல்ல முடியாவிட்டால், தெரிந்து என்ன பிரயோஜனம் என்பது அவர் கட்சி. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் பிடிவாதம்தான் பின்னால் கம்ப்யூட்டரிடமும் வேலை செய்யப்போகிறது.

அப்போது இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. கிரேஸின் அம்மாவுடைய தாத்தா ஒரு கடற்படை அட்மிரல். தானும் கடற்படையில் சேர வேண்டும் என்று கிரேஸுக்கு ஆசை. ஆனால் வயது முப்பதைத் தாண்டிவிட்டது. எடையோ வேண்டியதைவிடச் சுமார் 7 கிலோ குறைவு. "நீங்கள் கணக்கு டீச்சராக இருப்பதே நாட்டுக்கு நல்லது" என்ற ரீதியில் பதில் வந்தது. விடுவாரா? விதிவிலக்குக் கேட்டு வாங்கி, 1943 கடைசியில் சேர்ந்துவிட்டார். பயிற்சிப் பள்ளியில் முதல் ஆளாகத் தேறினார். கப்பலில் அனுப்புவார்கள் என்று பார்த்தால், 1944 ஜூலையில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினார்கள்.

அங்கே ஓர் அறையில் அது நின்றுகொண்டிருந்தது. மார்க் 1. 51 அடி நீளம், 8 அடி உயரம், ஏறத்தாழ 5 டன் எடை. ஏழரை லட்சம் பாகங்கள். உள்ளே ஓடிய ஒயரின் நீளம் மட்டும் 800 கிலோமீட்டர். உங்கள் வகுப்பறையில் வைத்தால் சுவரை இடித்துக்கொண்டு அடுத்த வகுப்புக்குள் போய் நிற்கும்!

இவ்வளவு பெரிய யந்திரம் எவ்வளவு வேகமாகக் கணக்குப் போட்டிருக்கும்? ஒரு விநாடியில் மூன்று கூட்டல். ஒரு பெருக்கலுக்கு 6 விநாடி. வகுத்தலுக்கு 15 விநாடிக்கும் மேல். சிரிக்காதீர்கள். அது கூட்டியது 2-ம் 3-ம் இல்லை. 23 இலக்க எண்கள்! அதுவும் ராத்திரி பகல் தூங்காமல் போடும்.

அதற்கு வேலை சொல்ல விசைப்பலகை, மவுஸ் எதுவும் கிடையாது. நீளமான காகித நாடாவில் ஓட்டைகள் போட வேண்டும். எந்த இடத்தில் ஓட்டை என்பதுதான் கட்டளை. ஓர் ஓட்டை இடம் மாறினால் விடை தப்பு. கிரேஸ் அந்த யந்திரத்தின் முதல் சில புரோகிராமர்களில் ஒருவர். கடிகாரத்தைக் கழற்றிய அதே ஆவலோடு மார்க் 1-இன் ஒவ்வொரு பாகத்தையும் படித்தார். அதை எப்படி ஓட்டுவது என்று 561 பக்கத்தில் ஒரு புத்தகமும் தயார் செய்தார். 1946-ல் அது வெளிவந்தது.

கிரேஸைப் பற்றிய ஒரு பூச்சிக் கதை உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். 1947 செப்டம்பர் 9-ஆம் தேதி, மார்க் 1-க்கு அடுத்து வந்த மார்க் 2 யந்திரம் மக்கர் செய்தது. திறந்து பார்த்தால் உள்ளே ரிலே என்ற ஒரு மின் சுவிட்சில் அந்துப்பூச்சி ஒன்று சிக்கிச் செத்துக் கிடந்தது. அதை எடுத்து, பதிவேட்டில் டேப் போட்டு ஒட்டி, நிஜமாகவே ஒரு 'பக்' (பூச்சி) கிடைத்தது என்று எழுதி வைத்தார்கள். கிரேஸ்தான் அதைப் பிடித்தார் என்று பல இடங்களில் படிப்பீர்கள். அவர் பிடிக்கவில்லை. யந்திரக் கோளாறைப் 'பக்' என்று சொல்லும் பேச்சும் அதற்கு முன்பே என்ஜினியர்களிடம் இருந்ததுதான். ஆனால் அந்தக் கதையை ஊர் ஊராகச் சொல்லிப் பிரபலமாக்கியவர் கிரேஸ். பூச்சி ஒட்டிய அந்தப் பதிவேடு இப்போது அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் பத்திரமாக இருக்கிறது.

என்னைக் கேட்டால், பூச்சிக் கதையைவிட இனிமேல் சொல்லப்போவதுதான் பெரிய விஷயம். கொஞ்சம் நிமிர்ந்து உட்காருங்கள்.

1949-ல் கிரேஸ் பிலடெல்பியாவில் ஒரு கம்பெனிக்குப் போனார். எக்கர்ட், மாக்லி என்ற இரண்டு பேர் நடத்திய கம்பெனி. மின்சார வால்வுகளால் ஓடும் வேகமான கம்ப்யூட்டர்களை அவர்கள் செய்துகொண்டிருந்தார்கள். பைனாக் என்று ஒன்று. யூனிவாக் என்று அதைவிடப் பெரிதாக ஒன்று.

பைனாக்கில் ஒரு சங்கடம். அதற்கான கட்டளைகளை எட்டாம் அடிமான எண்களில் எழுத வேண்டும். பயந்துவிடாதீர்கள், சுலபம்தான். அந்த எண் முறையில் 8, 9 இரண்டும் கிடையாது. 0-லிருந்து 7 வரைதான். 7-க்கு அடுத்தது 10, அப்புறம் 11, 12. எங்கே, அந்த முறையில் 7-ம் 1-ம் கூட்டினால் எவ்வளவு? 10! சரி, 5-ம் 4-ம்? 11. பிடித்துக்கொண்டீர்கள்! கெட்டிக்காரர்கள்தான்.

கிரேஸும் இப்படியே கூட்டிக் கழித்துப் பெருக்கிப் பழகினார். பழகியதில் வந்தது வம்பு. மாதக் கடைசியில் அவருடைய செக் புத்தகக் கணக்கு வங்கிக் கணக்கோடு ஒத்துப் போகவில்லை. எத்தனை தடவை பார்த்தும் உதைத்தது. கணக்கில் டாக்டர் பட்டம் வாங்கியவருக்குத் தன் வீட்டுக் கணக்கு வரவில்லை! வங்கித் தொழிலில் இருந்த தம்பியிடம் கொடுத்தார். தம்பி பல சாயங்காலங்கள் உட்கார்ந்து பார்த்துவிட்டுக் கண்டுபிடித்தார். அக்கா சில இடங்களில் எட்டாம் அடிமானத்தில் கழித்து வைத்திருக்கிறார்!

கிரேஸ் யோசித்தார். யந்திரத்தின் பேச்சுக்கு மனுஷன் மாறிக்கொண்டே போனால் கடைசியில் இப்படித்தான் ஆகும். யந்திரத்தைத்தான் மனுஷன் பேச்சுக்கு வரவழைக்க வேண்டும்.

இன்னொரு தொல்லையும் இருந்தது. அந்தக் காலத்துப் புரோகிராமர்கள் ஒவ்வொருவரிடமும் ஒரு நோட்டு இருக்கும். ஒருமுறை சரியாக ஓடிய சின்னச் சின்னப் புரோகிராம் துண்டுகளை அதில் எழுதி வைத்திருப்பார்கள். வர்க்கமூலம் காண ஒன்று, சைன் மதிப்புக்கு ஒன்று. வேறொருவருக்கு அது வேண்டுமென்றால், "உன் நோட்டைக் கொடு" என்று வாங்கிப் பார்த்து எழுதிக்கொள்வார்.

இதில் என்ன தொல்லை? இப்படி நினைத்துப் பாருங்கள். உங்கள் சிநேகிதியின் நோட்டில் பத்துப் பக்கத்துக்கு ஒரு புதிர் விளையாட்டு இருக்கிறது. மூன்றாம் பக்கத்தில் "விடை தப்பானால் 5-ஆம் பக்கத்துக்குப் போ" என்று எழுதியிருக்கிறது. அந்தப் பத்துப் பக்கத்தையும் நீங்கள் உங்கள் நோட்டில் எழுதுகிறீர்கள். ஆனால் உங்கள் நோட்டில் 40 பக்கம் ஏற்கெனவே தீர்ந்துவிட்டது. 41-லிருந்துதான் எழுத முடியும். இப்போது "5-ஆம் பக்கத்துக்குப் போ" என்றே எழுதினால் என்ன ஆகும்? 5-ஆம் பக்கத்தில் உங்கள் சமூக அறிவியல் வீட்டுப்பாடம் இருக்கும்! அதை "45-ஆம் பக்கத்துக்குப் போ" என்று மாற்ற வேண்டும். இப்படி ஒவ்வொரு எண்ணோடும் 40 கூட்ட வேண்டும். புரிந்ததா? புரியாவிட்டால் ஒரு நோட்டை எடுத்துச் செய்து பாருங்கள், நான் காத்திருக்கிறேன்.

புரோகிராமர்கள் செய்ததும் இதேதான். நினைவகத்தில் எந்த இடத்தில் வைக்கிறோமோ அதற்குத் தகுந்தபடி எல்லா எண்களையும் கூட்டி மாற்ற வேண்டும். இரண்டு வேலை. ஒன்று, பார்த்து எழுதுவது. இன்னொன்று, கூட்டுவது. இந்த இரண்டிலும்தான் மனுஷர்கள் ஓயாமல் தப்புச் செய்தார்கள். அவசரத்தில் எழுதிய இங்கிலீஷ் 'பி' எழுத்து, அடுத்தவர் கண்ணுக்கு 13 ஆகத் தெரியும். 4 முக்கோணக் குறி ஆகிவிடும். அப்புறம் தப்பு எங்கே என்று ராத்திரி முழுக்கத் தேடுவார்கள்.

கிரேஸ் கேட்டது ஒரே கேள்வி. தப்பில்லாமல் கூட்டுவதற்கும் பார்த்து எழுதுவதற்கும்தானே இவ்வளவு பெரிய யந்திரத்தைச் செய்திருக்கிறோம்? இந்த வேலையையும் அதனிடமே கொடுத்தால் என்ன?

அவ்வளவுதான் விஷயம். கேட்டால் "இது என்ன பிரமாதம்" என்று தோன்றும். ஆனால் அதுவரை யந்திரத்துக்கு வேலை எழுதுவது மனுஷன் வேலை, செய்வது யந்திரத்தின் வேலை என்றுதான் எல்லாரும் நினைத்திருந்தார்கள். புரோகிராம் எழுதுவதற்கே ஒரு புரோகிராம் எழுதலாம் என்பது பலருக்குப் புதுசு.

புரோகிராம் துண்டுகளை எல்லாம் காந்த நாடாவில் சேர்த்து வைத்தார். ஒவ்வொன்றுக்கும் ஒரு அழைப்புக் குறி கொடுத்தார். இனிமேல் புரோகிராமர் "இந்தக் குறி, அப்புறம் அந்தக் குறி" என்று வரிசையாக எழுதிக் கொடுத்தால் போதும். யந்திரமே நாடாவில் தேடி எடுத்து, எண்களைக் கூட்டி மாற்றி, ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்து, முழுப் புரோகிராமையும் தயார் செய்துவிடும். இதுதான் ஏ-0 என்ற கம்பைலர். 1952-ல் ஓடியது. (இன்றைய என்ஜினியர்களைக் கேட்டால் "அது முழுக் கம்பைலர் இல்லை" என்பார்கள். சரிதான். முழுசு பின்னால் வந்தது. பாதை போட்டது இது.) அந்த வருஷம் மே மாதம் பிட்ஸ்பர்க் நகரத்தில் நடந்த கூட்டத்தில் இதைப் பற்றி ஒரு கட்டுரை படித்தார். கட்டுரைக்கு அவர் வைத்த தலைப்பின் பொருள் என்ன தெரியுமா? 'ஒரு கம்ப்யூட்டரின் கல்வி'. டீச்சர் டீச்சர்தான்!

இதில் ஒரு சிக்கலான இடம் இருந்தது. அதை அவர் அவிழ்த்த விதம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். புரோகிராமில் "அந்த இடத்துக்குத் தாவு" என்று கட்டளை வரும். ஏற்கெனவே கோத்து முடித்த இடம் என்றால் சுலபம், அதன் எண் தெரியும். இன்னும் கோக்காத, பின்னால் வரப்போகிற இடமாக இருந்தால்? அதன் எண் இன்னும் பிறக்கவே இல்லையே! எங்கே தாவச் சொல்வது?

கிரேஸ் கல்லூரியில் பாஸ்கெட்பால் ஆடியவர். அந்தக் காலத்துப் பெண்கள் ஆட்ட விதிப்படி பந்தைத் தட்டிக்கொண்டே ஓட முடியாது. ஒரு தட்டுதான். அப்புறம் கையில் இருப்பதைப் பக்கத்தில் நிற்கிற தோழியிடம் போட்டுவிட்டு, கூடையை நோக்கி ஓட வேண்டும். அங்கே போய் நின்றதும் தோழி பந்தைத் திருப்பிப் போடுவாள். இந்த ஆட்டம் அவர் ஞாபகத்துக்கு வந்தது. நினைவகத்தின் கடைசியில் ஒரு மூலையைக் காலியாக ஒதுக்கினார். எண் தெரியாத தாவல் வந்தால், "இப்போதைக்கு அந்த மூலைக்குத் தாவு" என்று எழுதிவிடும் கம்பைலர். பின்னால் உண்மையான இடம் வந்ததும், அந்த மூலையில் போய், "இங்கிருந்து இந்த இடத்துக்குத் தாவு" என்று எழுதி முடித்துவிடும். மூலைதான் தோழி! எப்படி?

சரி, கம்பைலர் ஓடுகிறது. எல்லாரும் மாலை போட்டிருப்பார்கள் என்றுதானே நினைக்கிறீர்கள்? இல்லை. "கம்ப்யூட்டருக்குக் கணக்குப் போடத்தான் தெரியும். அது எப்படிப் புரோகிராம் எழுதும்?" என்று கையை உதறிவிட்டார்கள். ஓடுகிற கம்பைலரைக் கையில் வைத்துக்கொண்டிருந்தும் யாரும் தொடவில்லை என்று பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார்.

அவர் அதோடு நிற்கவில்லை. இன்னும் ஒரு படி மேலே போனார். கடை, வங்கி, இன்சூரன்ஸ் அலுவலகங்களில் வேலை செய்பவர்களுக்குக் கணக்குக் குறிகள் பிடிக்காது. "வருமானத்தில் வரியைக் கழி" என்று எழுதினால் புரியும். அதையே குறிகளாகப் போட்டால் ஓடிவிடுவார்கள். அப்படியானால் 'சப்ட்ராக்ட்', 'மல்டிப்ளை', 'கம்பேர்' என்று இங்கிலீஷ் வார்த்தைகளிலேயே புரோகிராம் எழுதினால் என்ன?

தன் கம்பெனி மேலதிகாரிகளிடம் பணம் கேட்டு, 1955 தொடக்கத்தில் ஒரு மாதிரிப் புரோகிராமை ஓட்டிக் காட்டினார். இங்கிலீஷில் எழுதியது. ஓடியது. அப்புறம் ஒரு குறும்பு தோன்றியது. அதே கட்டளைகளைப் பிரெஞ்சிலும் ஜெர்மனிலும் மாற்றி எழுதி, அவற்றையும் ஓட்டிக் காட்டினார். வந்தது வினை! பிலடெல்பியாவில் செய்த அமெரிக்க கம்ப்யூட்டருக்குப் பிரெஞ்சும் ஜெர்மனும் எப்படிப் புரியும் என்று மேலதிகாரிகள் அரண்டுபோனார்கள். "இல்லை, இல்லை, இங்கிலீஷ் மட்டும்தான்" என்று அவர்களைச் சமாதானப்படுத்தப் பல மாதங்கள் ஆயினவாம்.

நீங்கள் அந்த மேலதிகாரிகளைவிடப் புத்திசாலிகள். முதலிலேயே படித்துவிட்டீர்களே, கம்ப்யூட்டருக்கு எந்த மொழியும் தெரியாது என்று! கம்பைலருக்கு ஒவ்வொரு சொல்லும் வெறும் அடையாளம். எந்த அடையாளத்துக்கு என்ன வேலை என்று சொல்லிவிட்டால் போதும். தமிழிலும் முடியும். 'எழில்' என்று ஒரு நிரல்மொழி இருக்கிறது. அதில் 'பிரிண்ட்' இடத்தில் 'பதிப்பி' என்று தமிழிலேயே எழுதலாம்.

கிரேஸின் அந்த முயற்சிதான் 'ஃப்ளோ-மேட்டிக்' என்ற மொழியாக வளர்ந்தது. 1959-ல் ராணுவத் தலைமையகமான பென்டகனில் ஒரு கூட்டம் கூடியது. கம்ப்யூட்டர் செய்யும் கம்பெனிகள், அரசாங்க ஆட்கள் என்று பலர் வந்திருந்தார்கள். ஒவ்வொரு கம்பெனி யந்திரத்துக்கும் தனித்தனி மொழி இருந்தால் யாருக்கும் லாபமில்லை, எல்லாவற்றிலும் ஓடும் பொது மொழி ஒன்று வேண்டும் என்று முடிவு செய்தார்கள். அதுதான் கோபால். நம் பக்கத்துவீட்டுக் கோபால் மாமா இல்லை, இது மொழியின் பெயர்!

ஒரு விஷயத்தைச் சரியாகச் சொல்லிவிட வேண்டும். கோபாலைக் கிரேஸ் தனி ஆளாகக் கண்டுபிடித்தார் என்று சிலர் எழுதுகிறார்கள். அப்படி இல்லை. ஒரு குழு உட்கார்ந்து உருவாக்கியது அது. ஜீன் சாமெட் என்ற பெண்மணியும் அந்தக் குழுவில் முக்கியமானவர். பொது மொழி வேண்டும் என்று முதலில் கிளப்பியவர் மேரி ஹாஸ் என்ற இன்னொரு பெண்மணி. கிரேஸ் ஆலோசகராக இருந்தார். ஆனால் அவர்கள் முன்மாதிரியாக எடுத்துக்கொண்டவற்றில் பெரிய பங்கு ஃப்ளோ-மேட்டிக்குக்கு உண்டு. அதனால் கிரேஸை 'கோபாலின் பாட்டி' என்று செல்லமாகச் சொல்வார்கள்.

1960 டிசம்பரில் ஒரு சோதனை நடந்தது. ஆர்.சி.ஏ. கம்பெனி யந்திரத்திலும் யூனிவாக் யந்திரத்திலும் ஏறக்குறைய ஒரே கோபால் புரோகிராமைக் கொடுத்தார்கள். இரண்டிலும் ஓடியது! யந்திரம் மாறினாலும் புரோகிராம் மாற வேண்டியதில்லை. இன்று உங்கள் அண்ணன் எழுதும் புரோகிராம் யார் லேப்டாப்பிலும் ஓடுகிறதே, அந்த வசதியின் ஆரம்ப நாள்களில் அது ஒன்று.

அந்தக் கோபால் செத்துப்போய்விட்டதா? இல்லவே இல்லை. பல வங்கிகளின் பெரிய கம்ப்யூட்டர்களில் இன்னும் ஓடுகிறது. 2020-ல் கொரோனா வந்தபோது அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் வேலையிழந்தவர்கள் உதவித்தொகை கேட்டு ஒரே நேரத்தில் குவிந்தார்கள். பழைய கம்ப்யூட்டர்கள் திணறின. "கோபால் தெரிந்தவர்கள் இருந்தால் வாருங்கள்" என்று அந்த மாநில ஆளுநரே கேட்டுக்கொண்டார்!

கிரேஸ் 1966 கடைசியில் கடற்படையிலிருந்து ஓய்வு பெற்றார். அடுத்த வருஷமே "ஆறு மாதத்துக்கு மட்டும் வந்து உதவுங்கள்" என்று கூப்பிட்டார்கள். அந்த ஆறு மாதம் முடியவே இல்லை. நடுவில் ஒருமுறை ஓய்வு, மறுபடி அழைப்பு என்று 1986 வரை போயிற்று. அதற்குள் ரியர் அட்மிரல் ஆகிவிட்டார். 1969-ல் கம்ப்யூட்டர் துறைச் சங்கம் ஒன்று ஒரு புதிய விருதைத் தொடங்கி, முதல் விருதை அவருக்குக் கொடுத்தது. விருதின் பெயர் 'இந்த ஆண்டின் சிறந்த ஆண்'! பெண் ஒருவர் வாங்குவார் என்று பெயர் வைத்தவர்களுக்குத் தோன்றவே இல்லை பாருங்கள்.

அவர் அலுவலகச் சுவரில் ஒரு கடிகாரம் உண்டு. முள் இடப்பக்கமாகச் சுற்றும். நேரம் சரியாகத்தான் காட்டும். "எப்போதும் இப்படித்தான் செய்கிறோம்" என்று யாராவது சொன்னால் அவருக்குக் கோபம் வந்துவிடும். அப்படிச் சொல்பவர்கள் பார்க்கத்தான் அந்தக் கடிகாரம்.

ஊர் ஊராகப் போய்ப் பேசுவார். போகும்போது பை நிறைய ஒயர்த் துண்டுகள் கொண்டுபோவார். ஒவ்வொன்றும் கிட்டத்தட்ட 30 சென்டிமீட்டர். கேட்டவர்களுக்கெல்லாம் ஒன்று கொடுத்து, "இது ஒரு நானோ செகண்ட்" என்பார்.

நானோ செகண்ட் என்றால் ஒரு விநாடியை நூறு கோடி பாகமாக்கினால் அதில் ஒன்று. மனசில் பிடிபடுகிறதா? எனக்கும் பிடிபடாது. கிரேஸுக்கும் பிடிபடவில்லை. அதனால்தான் என்ஜினியர்களிடம் "ஒரு நானோ செகண்டை வெட்டிக் கொண்டுவாருங்கள், கண்ணால் பார்க்க வேண்டும்" என்று கேட்டார். ஒளி ஒரு விநாடியில் மூன்று லட்சம் கிலோமீட்டர் போகும். அதே ஒளி ஒரு நானோ செகண்டில் போகக்கூடிய தூரம்தான் அந்த ஒயரின் நீளம். உங்கள் பையில் இருக்கும் 30 சென்டிமீட்டர் ஸ்கேலை எடுத்துப் பாருங்கள். அதே நீளம்!

கடற்படைத் தளபதிகள் அவரிடம், "செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்ப ஏன் இவ்வளவு நேரம் ஆகிறது?" என்று கேட்பார்களாம். ஒயரை எடுத்துக் காட்டுவார். இங்கிருந்து செயற்கைக்கோள் வரை இந்த ஒயரை எத்தனை தடவை வைக்க வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள் என்பார். நாமும் எண்ணலாமா? தகவல்தொடர்புச் செயற்கைக்கோள்கள் பல 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கின்றன. ஒரு தடவை மேலே போவதற்கு மட்டும் 12 கோடி ஒயர்!

இன்னொரு கையில் பெரிய ஒயர்ச் சுருள் வைத்திருப்பார். பிரித்தால் 300 மீட்டர். அது மைக்ரோ செகண்ட், அதாவது ஆயிரம் நானோ செகண்ட். புரோகிராம் எழுதுகிறவர்கள் ஒரு மைக்ரோ செகண்டை வீணாக்கும்போது எவ்வளவு வீணாக்குகிறார்கள் என்று தெரிய வேண்டும், ஒவ்வொருவர் மேஜைக்கு மேலும் இதைத் தொங்கவிட வேண்டும் என்பார். நானோ செகண்டிலும் ஆயிரத்தில் ஒரு பங்கான பிகோ செகண்டுக்கு? மிளகுத்தூள் பொட்டலத்தைக் காட்டுவார். ஒரு தூள்தான் ஒரு பிகோ செகண்ட்!

1986 ஆகஸ்டில் அவருக்கு ஓய்வு விழா நடந்தது. அப்போது வயது 79. கடற்படையில் பணியில் இருந்த அதிகாரிகளிலேயே மூத்தவர். விழா நடந்த இடம் 1797-ல் தண்ணீரில் இறங்கிய 'கான்ஸ்டிடியூஷன்' என்ற பழைய மரக்கப்பல். அதற்குப் பிறகும் வீட்டில் உட்காரவில்லை. ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் ஆலோசகராகச் சேர்ந்துவிட்டார். 1992 ஜனவரி 1-ஆம் தேதி, 85 வயதில் காலமானார்.

அவர் பெயரில் ஒரு போர்க்கப்பல் ஓடுகிறது. யேல் பல்கலைக்கழகத்தில் ஒரு கல்லூரிக்கு 2017-ல் அவர் பெயரை வைத்தார்கள். செயற்கை நுண்ணறிவுக்கான என்விடியா சில்லுகளில் 2022-ல் வந்த ஒரு தலைமுறைக்கு 'ஹாப்பர்' என்றே பெயர். 2016-ல் அமெரிக்காவின் உயரிய குடிமக்கள் விருது மறைந்த கிரேஸுக்குக் கிடைத்தது. அதே மேடையில் அதே விருதை வாங்கியவர் மார்கரெட் ஹாமில்டன், நிலவுக்குப் போன அப்பல்லோ விண்கலத்தின் புரோகிராம் குழுவுக்குத் தலைமை தாங்கியவர். அவரைப் பற்றி இன்னொரு நாள் பேசுவோம்.

இப்போது உங்களுக்கு ஒரு வேலை. ஸ்கேலை எடுத்து உங்கள் வகுப்பறையின் நீளத்தை அளந்து பாருங்கள். இந்தக் கோடியில் டார்ச்சை அடித்தால், அந்த ஒளி அந்தக் கோடிச் சுவரைத் தொட எத்தனை நானோ செகண்ட் ஆகும்? விடையோடு, எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று நாலு வரியும் எழுதி அனுப்புங்கள். வெறும் எண்ணை மட்டும் எழுதினால் அரை மார்க்தான்!